நினைவைத் திறக்கும் ஒளி

முதுமையில் நினைவைப் பறிக்கும் நோய்களுள் முதன்மையானது அல்சைமர். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக எடுத்துரைத்தார். நோயுற்றோர் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் நரம்பு செல்களுக்கு வெளியே படிகிறது. டௌ என்னும் புரதம் செல்களுக்குள் முடிச்சுகளாகத் திரள்கிறது. இந்நிலையில் நினைவு அழிந்தே போகிறதா, அல்லது உள்ளே இருந்தும் எடுக்க இயலாமற்போகிறதா?

இவ்வினாவுக்கு விடை தேட உதவும் கருவியே ஒளிமரபியல். ஒருவகைப் பசும்பாசியில் சேனல்ரோடாப்சின் என்னும் புரதம் உள்ளது. நீல ஒளி பட்டதும் அது கதவுபோல் திறந்து, மின்னேற்றமுடைய அயனிகளைச் செல்லுக்குள் விடுகிறது. அதன் மரபணுவை நரம்பு செல்லில் சேர்த்தால், அந்தச் செல்லை ஒளியாலேயே இயக்கலாம்.

நோபல் பரிசு பெற்ற சுசுமு டோனேகாவாவின் குழுவினர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இம்முறையைக் கையாண்டு, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். அல்சைமரின் தொடக்க நிலையிலிருந்த சுண்டெலிகளுக்கு ஒரு பெட்டியில் சிறு மின்னதிர்ச்சி அளித்தனர். அவ்வேளையில் செயற்பட்ட செல்களில் மட்டும் ஒளியுணர் புரதம் அமையச் செய்தனர். மறுநாள் அதே பெட்டியில் விட்டபோது, அவை முந்தைய அச்சத்தை மறந்து உலவின. ஆனால் அச்செல்களின்மேல் நீல ஒளியைப் பாய்ச்சியதும் அஞ்சி அசைவற்று நின்றன. நினைவு அழியவில்லை, பெட்டகத்தில் வைத்த பொருள் அப்படியே இருக்க, சாவிதான் தொலைந்திருந்தது. ஒளித்துடிப்புகளை மீண்டும் மீண்டும் செலுத்தியபோது நரம்பிணைப்புகள் பெருகின. பின்னர் ஒளியின்றியே நினைவு திரும்பியது.

தாவர ஒளியுணர் புரதத்தை அமிலாய்டுடன் இணைத்து, வேண்டிய நேரத்தில் அதனைத் திரளச் செய்து ஆராயும் முறையும் உண்டு. எனினும், மூளைக்குள் மரபணுவையும் ஒளியையும் செலுத்தும் இம்முறை இன்னும் நோயாளிக்கான சிகிச்சையாகவில்லை.

அதுவரை நாம் செய்யத்தக்கன சில உள. பலர் நம்பியிருக்கும் அதிகாரப் பத்திரம், அதை வழங்கியவர் மனத்தெளிவை இழந்தால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செயலிழந்துவிடும். நாமினியின் உரிமையோ, கணக்குதாரரின் மறைவுக்குப் பின்னரே எழுவது. ஆகவே, நம்பிக்கைக்குரிய ஒருவரைச் சேர்த்து, இருவருள் எவரும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்கைத் தெளிவோடு இருக்கும்போதே தொடங்குவது நன்று. வைப்புத்தொகை, காப்பீடு, பெட்டகம் ஆகியவற்றின் விவரங்களை ஒரே ஏட்டில் எழுதிவைப்பதும் நன்று. மறதி வந்தபின் கையொப்பமும் மாறும். அப்போது வங்கி உதவ விழைந்தாலும் சட்டம் எளிதில் இடந்தராது.