உங்களுக்குத் தெரியுமா? கோர்ட் படி ஏறிய ஆறும் கிணறும்

கோர்ட் தீர்ப்பு, கமிட்டி அறிக்கை என்றாலே நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் நம் தெருச் சாக்கடையைப் பற்றியும் சட்டம் பேசத் தொடங்கியதே, எங்கோ ஓர் ஊர்க்காரர் மனு எழுதிக்கொண்டு கிளம்பியதால்தான். அப்படிச் சில மனுக்களும் அறிக்கைகளும் நடந்து வந்த தூரம் இதோ.

● தெருச் சாக்கடை டெல்லி வரை போனது

மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில் ஒரு வார்டு மக்கள் திறந்த சாக்கடையின் நாற்றம் பொறுக்காமல் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள். சாக்கடையைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவு வந்தது. "எங்களிடம் பணம் இல்லை" என்ற நகராட்சி, அதையே சொல்லிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூலை 29 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்தச் சாக்கை ஏற்கவில்லை. கஜானா காலி என்பதற்காக நகராட்சி தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. அந்த மக்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-ஆம் பிரிவாக இருக்கிறது.

● மனு தோற்றது, உரிமை வென்றது

மாசில்லாத நீரும் காற்றும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. சுபாஷ் குமார் வழக்கு என்று அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மனு தள்ளுபடியானது பலருக்குத் தெரியாது. அதில் உண்மையான பொதுநலம் இல்லை என்று நீதிபதிகள் கருதினார்கள். மனுதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாட்டுக்கு ஓர் உரிமை கிடைத்தது.

● சாக்குப்போக்கு இல்லாத பொறுப்பு

போபால் விஷவாயு துயரம் நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. இத்தகைய விபத்துக்கு யார் பொறுப்பு என்பதில் அதுவரை 1868-ஆம் ஆண்டின் ஓர் இங்கிலாந்துத் தீர்ப்புதான் வழிகாட்டி. அதில் நிறுவனங்கள் நழுவிப்போக விதிவிலக்குகள் இருந்தன. 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.என். பகவதியின் அமர்வு அந்த விதிவிலக்குகளை மூடியது. ஆபத்தான தொழில் செய்பவர், விபத்து எப்படி நடந்திருந்தாலும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். நிறுவனம் எவ்வளவு பெரிதோ, இழப்பீடும் அவ்வளவு பெரிது.

● பாலாற்றின் உப்பு

பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பைத் தூவி அடுக்குவார்கள். பதனிடும் ஆலைக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவுவதுதான் முதல் வேலை. கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகும். மணலில் இறங்கிக் கிணற்றில் ஊறும். அந்தத் தண்ணீரை இறைத்துப் பாய்ச்சினால் பயிரின் இலை நுனியிலிருந்து கருகும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் விவசாயிகள் கண்ணால் பார்த்தது இது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அதில் இடம்பெற்றது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்திமுடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடும் முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் ரூ.10,000 அபராதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை ஏற்படுத்தும்படியும் சொன்னது.

● ஒரே டிசம்பர், மூன்று தீர்ப்புகள்

பாலாற்றுத் தீர்ப்பைத் தந்த நீதிபதி குல்தீப் சிங் அந்த ஆண்டின் கடைசி நாளில் ஓய்வு பெற்றார். அதற்கு முன், டிசம்பர் 11-இல் கடலோர இறால் பண்ணை வழக்கு, 13-இல் பியாஸ் ஆற்றை வளைக்க முயன்ற விடுதி மீதான வழக்கு, 30-இல் தாஜ்மகாலைச் சுற்றியிருந்த ஆலைகளின் புகை வழக்கு என மூன்றிலும் அவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆறும் காடும் மக்களின் சொத்து, அரசு அவற்றுக்கு அறங்காவலர் மட்டுமே என்று சொன்னது பியாஸ் வழக்குதான்.

● இறாலா, நெல்லா?

அந்த இறால் வழக்கைத் தொடுத்தவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். நாகைப் பக்கம் வயலை ஒட்டி உப்புநீரைத் தேக்கியதில் குடிநீரும் நெல்லும் கெட்டன. கடலோர ஒழுங்காற்று மண்டலத்தில் உள்ள பண்ணைகளை அகற்றச் சொன்னது நீதிமன்றம். பிறகு அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பண்ணைகளுக்கு அனுமதி தரும் ஆணையத்தையும் அமைத்தது. அதன் தலைமையகம் சென்னை. தீர்ப்போடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் 2008-இல் ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது பெற்றார்கள்.

● 12-க்கு 12

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா? அங்கே வாழும் டோங்ரியா கோந்த் மக்களின் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரலில். சபை கூடிய 12 ஊர்களும் வேண்டாம் என்றன. அந்த மலை அவர்களுக்கு நியம்ராஜா என்ற சாமி.

● பூட்டி வைத்த அறிக்கை

மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அரசு அதை வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. அரசு டெல்லி உயர் நீதிமன்றம் போய் அங்கும் தோற்றது. 2012 மே மாதம்தான் அறிக்கை வெளியே வந்தது. கண்டிப்பான பாதுகாப்பு வேண்டும் என்று அது குறித்த இடங்களில் வயநாட்டின் வைத்திரி தாலுகாவும் ஒன்று. 2024 ஜூலை 30 அதிகாலை மண் சரிந்து முண்டக்கையையும் சூரல்மலையையும் அள்ளிக்கொண்டு போனதும் அதே தாலுகாவில்தான்.

● வாளியில் மிதந்த எண்ணெய்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே ஊருக்குக் குடிநீர். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் அந்தக் கல்லுக்குள் இறங்கியது. கிணற்றில் விட்ட வாளி எண்ணெய்ப் படலத்தோடு மேலே வந்தது. 2019 ஏப்ரலில் இலங்கையின் உச்ச நீதிமன்றம் (அங்கே அதன் பெயர் உயர் நீதிமன்றம்) அந்த மின் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

● கானமயிலும் நாமும்

ராஜஸ்தான், குஜராத் வெளிகளில் மின்கம்பியில் மோதிச் சாகும் கானமயில் பறவையைக் காக்கத்தான் வழக்கு. 2024 மார்ச் 21 அன்று நம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு மனிதர்களுக்கும் ஒன்றைச் சொன்னது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் அடிப்படை உரிமை.

● ஆயிரம் ரூபாய் வழக்கு

2010-இல் அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ரூ.1,000. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் காலக்கெடு உண்டு. பொதுவான மனுவுக்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. ஆகவே ஊர்க் கிணறு நிறம் மாறினால், அன்றைக்கே தேதி போட்டு எழுதிவையுங்கள். தண்ணீரைப் பரிசோதித்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

● மீண்டும் பாலாறு

1996 தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், 2001-இல் 29,193 பேருக்குச் சுமார் ரூ.26.82 கோடி இழப்பீடு என்று கணக்கிட்டது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டி வந்தது. இழப்பீடு எல்லோருக்கும் போய்ச் சேரட்டும், ஆற்றைச் சீர்செய்ய ஒரு குழு அமையட்டும், நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து கண்காணிப்போம் என்றது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கிணற்று நீரை மறுபடி வாய்வைத்துக் குடிக்கும் நாளில்தான் அந்த வழக்கு முடியும். அதுவரை அந்த வழக்கின் தாள்களைக் கையிலிருந்து கீழே வைக்காமல் இருப்பது நம் வேலை.