வீட்டுக்குள் ஒரு கீழ்ப்பாக்கம்

ராத்திரி படுக்கப் போகும்முன் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர், பிடிக்கிறபோது அடியில் கிடக்கும் குவளையின் கைப்பிடி தெரியும்படி தெளிவாக இருந்துவிட்டு, விடியற்காலையில் போய்ப் பார்க்கிறபோது காவி வேட்டி அலசிய ஜலம்போல் நிறம் மாறி, மேலே எண்ணெய்ப் படலம்போல் ஒரு பளபளப்பையும் போர்த்திக்கொண்டு நிற்குமானால், வீட்டுக்காரன் முதலில் தொட்டியைச் சந்தேகிக்கிறான், பிறகு குழாயைச் சந்தேகிக்கிறான், அதன்பின் பிளம்பரின் நாணயத்தையே சந்தேகிக்கிறான். தன் காலடியில் இருநூறு அடி ஆழத்தில் கிடக்கும் பூமியைச் சந்தேகிக்க மட்டும் அவனுக்கு வெகு நாள் பிடிக்கிறது. சென்னைக்குத் தெற்கே புறநகரில் வீடு கட்டிக் குடியேறிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அந்த இரண்டு வருஷத்திற்குள் வெள்ளைச் சட்டைகள் யாவும் சந்தனச் சட்டைகள் ஆகிவிட்டன. கீஸர் ஒரு முறை உள்ளே சுண்ணாம்பு அடைத்துக்கொண்டு செத்தது. குளியலறைத் தரையில் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் பிசுக்காக ஒட்டிக்கொண்டது. பருப்பு வேகாத பழி சில நாள் குக்கரின் மேலும், சில நாள் மளிகைக் கடைக்காரர் மேலும் விழுந்தது. இத்தனைக்கும் காரணம் இரண்டே. நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடக்கிறவரை இரும்பு நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத ரூபத்தில் சாதுவாக இருக்கிறது. வெளியே வந்து பிராணவாயுவைத் தொட்ட சில மணி நேரத்தில் துருவாக மாறித் தன் சுய நிறத்தைக் காட்டுகிறது. சுண்ணாம்பும் மக்னீஷியமும் கடைசிவரை நிறம் காட்டுவதே இல்லை. அவை சோப்பைக் கெடுத்தும், பாத்திரத்தின் அடியில் படிந்தும் மட்டுமே தம் இருப்பைத் தெரிவிக்கின்றன.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை மாலை, கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் தோல் பையோடு வந்து, கூடத்து மேஜையின்மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்து, ஒன்றில் எங்கள் போர்வெல் தண்ணீரையும் மற்றதில் தாம் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, நாலு கம்பிகள் பொருத்திய ஒரு சிறு பெட்டியை அவற்றின்மேல் கவிழ்த்து மின்சாரத்தைச் செலுத்தினார். ஒரு நிமிஷத்திற்குள் எங்கள் தம்ளர் கலங்கி, பச்சையாகிக் கறுத்து, சாக்கடையாகிவிட்டது. அவருடைய தம்ளரோ சலனமில்லாமல் தெளிந்து நின்றது. “இதைத்தான் சார் இத்தனை நாளாகக் குடிச்சிட்டிருக்கீங்க” என்றார். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கற்ற ரசாயனம் எனக்குச் சற்றே ஞாபகம் இருந்தபடியால், சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வரவழைத்து, அதை அவருடைய சுத்த ஜலத்தில் போட்டு, மறுபடியும் பெட்டியை இயக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதுவும் கறுத்தது. உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் ஓடும்; ஓடினால் கம்பியிலுள்ள இரும்பு கரையும்; கலங்கியது அந்த இரும்பே தவிர எங்கள் தண்ணீரின் பாவமன்று. இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டு, “எனக்கே இது தெரியாது சார்” என்று சொல்லிப் போனார். அதை நான் நம்புகிறேன்.

அவர் போன பிறகே, முதலில் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைகளிலும் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். மாதிரி நீரைச் சுத்தமான புட்டியில், குழாயைச் சில நிமிஷம் திறந்துவிட்ட பிறகு பிடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வந்த காகிதத்தில் எங்கள் நீரின் கடினத்தன்மை, அதாவது அந்தச் சுண்ணாம்பு, மக்னீஷியத்தின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றிருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி விரும்பத்தக்க அளவு 200. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக, நாங்கள் பொறுத்துக்கொள்ளத்தக்கவர்களின் வரிசையில் இருந்தோம். இந்த ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஃபில்டர் வாங்குவது, நாடி பார்க்காமல் கஷாயம் குடிப்பதற்கு ஒப்பானது.

அடுத்த பிரச்னை, யந்திரத்தை எங்கே நிறுத்துவது என்பது. அமெரிக்காவில் தெருக்குழாயிலிருந்து அழுத்தத்தோடு வரும் நீரை வாசலிலேயே மறித்துச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். நம் வீடுகளிலோ தண்ணீர் முதலில் பூமிக்குள் சம்ப்பில் விழுந்து, மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் பாரத்தாலேயே குழாய்களுக்கு இறங்குகிறது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும் என்கிறபோது, தொட்டிக்குக் கீழே மூன்று மீட்டரில் ஃபில்டரை நிறுத்தினால், மணலைக் கலக்கிக் கழுவுவதற்கு வேண்டிய வேகம் எங்கிருந்து வரும்? ஆகையால் சம்ப்பு மோட்டாருக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவில் வைப்பதே நம் வீடுகளுக்கு உசிதமான இடம். போர்வெல் நீரைச் சம்ப்பின் வாயில் ஷவர்போல் சிதறி விழச் செய்துவிட்டால், இரும்பு அங்கேயே காற்றுப் பட்டுத் துருவாகி, பாதி வண்டலாக அடியில் தங்கிவிடும். இந்தச் செலவில்லாத உபாயத்தைச் சொன்னவர் எங்கள் பிளம்பர்தான். யந்திரம் விற்கிற நிறுவனத்தின் பட்டியலில் அது இல்லை, விலை இல்லாததால் இருக்கலாம்.

அதன்பின் வரிசையாக மூன்று தொட்டிகள், ஆள் உயரத்தில், துவாரபாலகர்போல். முதலாவது மணல், துருவையும் கலங்கலையும் பிடிப்பது. இரண்டாவது கரி, நாற்றத்தையும், லாரித் தண்ணீரில் வரும் குளோரினையும் பிடிப்பது. மூன்றாவதுதான் சாஃப்ட்னர். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இரும்பும் குளோரினும் நேரே சாஃப்ட்னருக்குள் போனால் அதிலுள்ள ரெசின் என்னும் குருணை கெட்டுவிடும். மஞ்சள் கேழ்வரகுபோல் இருக்கும் அந்தக் குருணையின் வித்தை, சுண்ணாம்பைத் தான் வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை நீருக்குக் கொடுத்துவிடும் பண்டமாற்று. மண்ணே இத்தகைய பண்டமாற்றைச் செய்கிறது என்று இங்கிலாந்தில் தாம்ஸன், வே என்ற இருவர் 1850-இல், எருவின் சத்தை மண் எப்படிப் பிடித்து வைக்கிறது என்று ஆராயப் புகுந்து கண்டார்கள். அதைச் செயற்கை ரெசினில் செய்யலாம் என்று 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்பவர்கள் காட்டினார்கள். வயலுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி குளியலறையில் வந்து முடிந்திருக்கிறது.

குருணையிடம் சோடியம் தீர்ந்துவிட்டால் உப்புக் கரைசலை விட்டு மறுபடியும் ஊட்ட வேண்டும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். எங்கள் சாஃப்ட்னரில் 25 லிட்டர் ரெசின். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைத் தாங்கும் என்று கொண்டால், மொத்தம் 1,250 கிராம். எங்கள் நீரில் லிட்டருக்கு அரை கிராம் இருக்கிறபடியால் 2,500 லிட்டரில் அதன் சக்தி தீர்ந்துவிடும். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலு பேருக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர், நாலரை நாள். தீரும்வரை காத்திராமல் நாலு நாளைக்கொரு தடவை ஊட்டினால், ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ கல் உப்பு. மாதம் சுமார் முப்பது கிலோ. எங்கள் சமையலறையில் ஒன்றரை வருஷத்திற்கு மேல் வரக்கூடிய உப்பு! இந்தச் சிறு கணக்கை விற்கிறவர் யாரும் போட்டுக் காட்டுவதில்லை; “மாசத்துக்கு ஒரு பாக்கெட் போதும் சார்” என்று கூசாமல் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தை எடுத்தால் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் அதைக் குடிக்கலாகாது. செடிகளுக்கும் அது ஆகாது. சமையலறைக்கும் தோட்டத்திற்கும் தனிக் குழாய் பிரித்துவிட வேண்டும். நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து, எண் குறையவில்லையே என்று சாஃப்ட்னரைக் குறை கூறுவதிலும் அர்த்தமில்லை. ஒரு புட்டியில் நீரை எடுத்துச் சில சொட்டு சோப்புத் திரவம் விட்டுக் குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பார்ப்பதே போதிய பரிசோதனை.

என்னுடைய பெரிய தவறு இவை எதிலும் இல்லை. யந்திரத்தை நிறுவியவர்கள், கழிவு நீர்க் குழாயை எங்கே விடுவது என்று பார்த்து, பத்தடி தூரத்தில் வசதியாக ஒரு குழி இருக்கக் கண்டு, அதில் விட்டுப் போனார்கள். அது மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கியபின், நகராட்சிக்குப் பயந்து ஓரளவும், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் காத்து நின்ற அனுபவத்தால் ஓரளவும் நான் சிரத்தையோடு பராமரித்து வந்த குழி அது. ஏழு மாத காலம், நாலு நாளைக்கொரு தடவை, நாலு கிலோ உப்பையும், அது கழுவி எடுத்த சுண்ணாம்பையும், நானே நின்று வால்வைத் திருகி, என் போர்வெல்லின் தலைமாட்டிலேயே பூமிக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மீட்டர் வாசிக்க வந்த மின்வாரியப் பணியாளர் ஒருவர், “உப்புத் தண்ணிய ஏன் சார் மழைக்குழிக்குள்ள விடறீங்க?” என்று போகிற போக்கில் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே குழாயைப் பெயர்த்துச் சாக்கடைக்கு மாற்றினேன்.

யந்திரம் மட்டும் போதாது, அதைக் கவனிக்க ஆளும் வேண்டும் என்று உறைத்த அப்போதுதான் கீழ்ப்பாக்கம் என் நினைவுக்கு வந்தது. கீழ்ப்பாக்கம் என்றதும் வாசகர்களுக்கு வேறொரு ஸ்தாபனம் ஞாபகம் வரக்கூடும். என் மனைவி அதுவும் பொருத்தமே என்கிறாள். நான் சொல்வது நீரேற்று நிலையத்தை. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டப்படாமலே நகரத்துக்குள் போயிற்று. 1914-இல்தான் மேட்லி என்ற பொறியாளரின் முயற்சியால் அங்கே மணற்படுகைகள் அமைந்தன; தியாகராய நகரில் மேட்லி சாலை அவர் பெயரால் இருக்கிறது. அதற்கு இருபத்திரண்டு வருஷம் முந்தி, ஜெர்மனியில் எல்பே நதியின் நீரை அப்படியே குடித்த ஹாம்பர்க் நகரத்தில் காலரா எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோக, அதே நதியில், ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த கீழ்த்துறையில் நீர் எடுத்தும், மணலில் வடிகட்டிக் குடித்த அண்டை நகர் அல்டோனா பெரும்பாலும் தப்பியது. அப்படிக் காப்பாற்றியது மணல்கூட அல்ல. மணலின்மேல் மெல்லப் படரும் வழவழப்பான உயிர்ப்படலம். அதைப் பதமறிந்து வளரவிட்டு, தடித்தபோது சுரண்டியெடுக்க ஆட்கள் இருந்தார்கள். நம் வீட்டு மணல் தொட்டியில் தண்ணீர் பாய்கிற வேகத்திற்கு அந்தப் படலம் உண்டாவதே இல்லை. ஆகவே அது கிருமியைத் தடுக்காது, குடிநீரைக் காய்ச்சியோ வேறு வழியிலோ தனியே சுத்தம் செய்யத்தான் வேண்டும். கரித் தொட்டி குளோரினையும் பிடுங்கிவிடுகிறபடியால் மாடித் தொட்டி காவலற்றுப் போகிறது. அதைக் கழுவும் முறையும் அடிக்கடி வரும்.

யந்திரத்தை வாங்கினேனே தவிர, அதற்கு வேண்டிய ஊழியர்களை யாரும் கூடவே அனுப்பி வைக்கவில்லை. பொறியாளர், பரிசோதகர், வால்வு திருப்புகிறவர், உப்பு மூட்டை சுமக்கிறவர் எல்லாம் நானே. மணல் தொட்டியின் முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜ்களுக்குள் அரை கிலோ வித்தியாசம் வந்தால் பேக்வாஷ், அதாவது நீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது. மோட்டாரை நிறுத்திய பிறகே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பி ரப்பர் வளையம் கிழிந்து, வாரக்கணக்கில் சுத்த நீரும் கழிவும் ஒன்றாகப் போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு. பேக்வாஷில் முதலில் வருவது கஞ்சியிட்ட காவி, பிறகு டீ, பிறகு மோர், பத்து நிமிஷத்தில், கையில் பிடித்தால் ரேகை தெரியும் தண்ணீர். கரியை வருஷம் ஒன்று இரண்டில் மாற்றிவிடுவேன். மணல் சில வருஷம் தாங்கும்.

உப்புப் போடும் நாளை மறந்துவிடக் கூடாது என்று கூடத்து நாள்காட்டியில், அந்தந்தத் தேதியின் மூலையில் பேனாவால் ஒரு ‘உ’ எழுதி வைக்கிறேன். சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வெகு நேரம் பார்த்தாள்.

“ஏண்டா, நாலு நாளைக்கொரு தரம் பிள்ளையார் சுழி போட்டிருக்கியே, என்ன விரதம்?”

“விரதமில்லை அத்தை. உப்புப் போடுகிற நாள்.”

“உப்பு மட்டுமா? வைத்தீஸ்வரன் கோயிலில் மிளகும் சேர்த்துன்னா போடுவோம்” என்றாள்.