கடலோர ஓய்வும் உறைந்த ஓய்வூதியமும்

பாங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில், தாய்லாந்து வளைகுடாவின் கரையில் அமைந்துள்ளது ஹுவா ஹின் நகரம். 1920-களில் மன்னர் பிரஜாதிபோக் அங்கு கடலை நோக்கி ஓர் அரண்மனையை எழுப்பி, 'கவலைக்கு அப்பால்' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். 1932 ஜூன் மாதம் தலைநகரில் புரட்சி மூண்டு, முடியாட்சியின் முற்றதிகாரம் முடிவுக்கு வந்தபோது மன்னர் அந்த அரண்மனையில்தான் இருந்தார்.

இன்று அதே கடற்கரைக்குப் பிரிட்டன், ஜெர்மனி, ஸ்வீடன், அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து பணி ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறுகின்றனர். இவர்களில் பலர் பெருஞ்செல்வர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர், அஞ்சல் ஊழியர், தொழிற்சாலைப் பணியாளர் என நடுத்தர வாழ்க்கை வாழ்ந்தவர்கள். சொந்த நாட்டில் வாடகைக்கும் குளிர்கால எரிபொருளுக்கும் கரைந்துபோகும் ஓய்வூதியம், இந்தக் கடலோரத்தில் இருவருக்குப் போதுமானதாக இருக்கும் என்ற கணக்கே அவர்களை இங்கு அழைத்து வருகிறது.

அந்தக் கணக்கு முற்றிலும் தவறன்று. ஆனால், அது முழுமையானதும் அன்று. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அதன் விடுபட்ட பகுதிகளை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அவை நம் நாட்டு ஓய்வூதியர்களுக்கும் பாடமாக அமைபவை.

முதலில், அங்கே வாழ்க்கை ஏன் மலிவாக இருக்கிறது? இதற்கான விளக்கத்தை பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலறிஞர்கள் 1964-இல் தனித்தனியே அளித்தனர். கப்பலேறிச் செல்லக்கூடிய பொருள்களின் விலை நாடுகளுக்கிடையே அதிகம் வேறுபடுவதில்லை. முடிதிருத்துதல், சமையல், வீட்டுப் பராமரிப்பு, முதியோரைக் கவனித்தல் போன்ற பணிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. அவற்றின் விலையை உள்ளூர்க் கூலியே தீர்மானிக்கிறது. கூலி குறைந்த நாட்டில் அவை மலிவு.

ஆக, வெளிநாட்டு ஓய்வூதியர் அனுபவிக்கும் மலிவு என்பது அங்குள்ள தொழிலாளியின் குறைந்த கூலியே. நாடு வளர்ந்து கூலி உயர உயர, அந்த மலிவு தேயும். அது தேய வேண்டும் என்பதுதான் நியாயமும்கூட. தவிர, முதியவரின் செலவுப் பட்டியலில் இறக்குமதியாகும் மருந்துகளும், பழகிய உணவுப் பொருள்களும், சொந்த ஊருக்குச் சென்றுவரும் விமானக் கட்டணமும் உண்டு. அவற்றுக்கு உள்ளூர் மலிவு பொருந்தாது.

இரண்டாவது, நாணய மாற்று விகிதம். 2006-இல் ஒரு பிரிட்டன் பவுண்டுக்கு ஏறத்தாழ 70 பாட் கிடைத்தது. 2024-இல் கிடைத்தது ஏறத்தாழ 45 பாட். மாதம் 1,000 பவுண்டு பெறுபவரின் வருவாய் 70,000 பாட்டிலிருந்து 45,000 பாட்டாகக் குறைந்துவிட்டது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஓய்வூதியமும் குறைக்கப்படவில்லை. ஆனாலும், வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது.

காற்று எதிர்த்திசையிலும் வீசியதுண்டு. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி தொடங்குவதற்கு முன் ஒரு டாலருக்கு 25 பாட் கிடைத்தது. 1998 ஜனவரியில் 50 பாட்டுக்கு மேல் கிடைத்தது. டாலரில் ஓய்வூதியம் பெற்றோருக்கு அது எதிர்பாராத வரவு. தாய்லாந்து மக்களுக்கோ வேலையிழப்பும் கடன் சுமையும். எப்படியாயினும், வருவாய் ஒரு நாணயத்திலும் செலவு மற்றொரு நாணயத்திலும் இருப்பவர், தாம் அறியாமலேயே நாணயச் சந்தையில் பந்தயம் கட்டியவராகிறார். இளைஞர் தோற்றால் மீண்டும் உழைத்து ஈட்டலாம். எழுபத்தைந்து வயதில் அதற்கு வழியில்லை. ஓய்வுக்கால அனுமதியில் தங்கியிருப்பவர் வேலை செய்யவும் சட்டம் இடம் தருவதில்லை.

மூன்றாவது, தங்கும் உரிமை. தாய்லாந்தில் 50 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வுக்காலத் தங்கும் அனுமதி வழங்கப்படுகிறது. அதற்கு மாத வருமானம் 65,000 பாட் இருக்க வேண்டும். அல்லது, வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பாக இருக்க வேண்டும். அல்லது, இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சத்தை எட்ட வேண்டும். 2006-இல் 1,000 பவுண்டு ஓய்வூதியம் பெற்றவர் வருமான நிபந்தனையை எளிதாக நிறைவு செய்தார். 2024-இல் அதே 1,000 பவுண்டைக் கொண்டு அதை நிறைவு செய்ய முடியாது. பிரிட்டன் அரசின் புதிய முழு ஓய்வூதியம் 2024-25-இல் வாரத்துக்கு 221.20 பவுண்டு, மாதக் கணக்கில் ஏறத்தாழ 43,000 பாட். அதை மட்டும் நம்பியிருப்பவர் வேறு சேமிப்பு இல்லாமல் இந்த நாட்டில் தங்க முடியாது.

இந்த அனுமதியும் ஓராண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தொண்ணூறு நாள்களுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்க இயலாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம். ஆனால், ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவரிடம் இருக்கக் கூடாது. பத்தாண்டு வாழ்ந்தாலும் இருபதாண்டு வாழ்ந்தாலும் அவர் விருந்தினரே. எந்த இறையாண்மை நாட்டுக்கும் இத்தகைய விதிகளை வகுக்க உரிமை உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால், விதிகளை வகுக்கும் உரிமை என்பது அவற்றை மாற்றும் உரிமையும்தான்.

வெளிநாட்டில் ஈட்டிய வருவாயைத் தாய்லாந்துக்குள் அடுத்த ஆண்டில் கொண்டுவந்தால் வரியில்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2024 ஜனவரி முதல் அந்தச் சலுகை விலக்கிக்கொள்ளப்பட்டது. இது தாய்லாந்துக்கு மட்டும் உரிய போக்கன்று. போர்ச்சுகல் 2009-இல் அறிமுகப்படுத்திய சிறப்பு வரித் திட்டத்தின் கீழ், அங்கு குடியேறிய வெளிநாட்டு ஓய்வூதியர்கள் பலர் பத்தாண்டுகளுக்கு ஓய்வூதியத்தின் மீது வரி செலுத்தாமல் வாழ முடிந்தது. அல்கார்வே கடற்கரை அவர்களால் நிரம்பியது. 2020-இல் புதிதாக வருவோருக்கு 10 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2024-இல் அத்திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அழைப்பிதழ் அச்சிட்டவரே வாசலைச் சாத்துவதும் உண்டு.

நான்காவது, நம்மவர்களையும் நேரடியாகத் தொடும் செய்தி: ஓய்வூதியம் உறைந்துபோவது. பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுகிறது. அந்நாட்டவர் ஸ்பெயினுக்கோ அமெரிக்காவுக்கோ பிலிப்பின்ஸுக்கோ மொரீஷியஸுக்கோ குடிபெயர்ந்தால் அந்த உயர்வு தொடரும். தாய்லாந்துக்கோ கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சென்றால், சென்ற நாளில் இருந்த தொகையே இறுதிவரை. ஒரே அலுவலகத்தில், ஒரே ஊதியத்தில், ஒரே அளவு சந்தா செலுத்திய இருவரில் பிலிப்பின்ஸ் கடற்கரையைத் தேர்ந்தவருக்கு உயர்வு உண்டு. தாய்லாந்து கடற்கரையைத் தேர்ந்தவருக்கு இல்லை. இவ்வாறு உறைந்த ஓய்வூதியம் பெறுவோர் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர்.

இந்தியாவும் இலங்கையும் உயர்வு இல்லாத நாடுகளின் வரிசையில்தான் உள்ளன. பிரிட்டன் மருத்துவமனைகளிலும் போக்குவரத்துத் துறையிலும் வாழ்நாளெல்லாம் உழைத்து, முதுமையில் நாகர்கோவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பும் தமிழருக்கும் இதே விதிதான்.

இதன் விளைவை எண்களில் காணலாம். 2000-இல் பிரிட்டன் அரசின் அடிப்படை முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுண்டு. பிரிட்டனிலேயே தங்கியவருக்கு அது 2024-25-இல் 169.50 பவுண்டாக உயர்ந்துவிட்டது. அந்த ஆண்டே தாய்லாந்து சென்றவருக்கு இன்றும் 67.50 பவுண்டுதான். அன்றைய மாற்று விகிதத்தில் அது மாதம் ஏறத்தாழ 18,000 பாட். 2024-இன் விகிதத்தில் ஏறத்தாழ 13,000 பாட். கால் நூற்றாண்டில் விலைவாசி ஏற, வருவாய் இறங்கியிருக்கிறது.

பிரிட்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆனெட் கார்சன் என்பவர் இதே 67.50 பவுண்டில் ஓய்வூதியம் உறைந்துபோனதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பிரிட்டன் பிரபுக்கள் அவை 2005-இல் அவரது கோரிக்கையை நிராகரித்தது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வும் 2010 மார்ச்சில், 11-க்கு 6 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஓய்வூதிய உயர்வு அந்நாட்டின் விலைவாசியையும் அங்கு வாழ்வோரின் வாழ்க்கைத் தரத்தையும் கருதி வகுக்கப்பட்டது. வெளிநாட்டில் வாழ்வோரை அவர்களோடு ஒப்பிட இயலாது என்பது பெரும்பான்மையினரின் வாதத்தின் சாரம்.

அந்தத் தீர்ப்பு நியாயமானதா என்பதில் எனக்கு ஐயமுண்டு. சந்தா வசூலிக்கும்போது, 'நீ முதுமையில் எங்கு வாழ்வாய்?' என்று எவரும் கேட்பதில்லையே! ஆனால், அது ஓர் உண்மையை வெளிச்சமிட்டுக் காட்டியது. ஓய்வூதியம் என்பது அரசு தன் எல்லைக்குள் வாழ்வோருக்கு அளிக்கும் வாக்குறுதி. எல்லையைக் கடந்தால் தொகை கூடவே வரும், வாக்குறுதி பின்தங்கிவிடும்.

ஐந்தாவது, மருத்துவம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை அந்நாட்டில் வசிப்போருக்கானது. நிரந்தரமாக வெளியேறுபவர் அந்த உரிமையை இழக்கிறார். அமெரிக்க முதியோரின் மெடிகேர் காப்பீடு, பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. தாய்லாந்தில் 2002 முதல் நடைமுறையில் உள்ள அனைவருக்குமான மருத்துவத் திட்டம் உலகளவில் பாராட்டப்படுவது. ஆனால், ஓய்வுக்கால அனுமதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கு அதில் இடமில்லை. எஞ்சியிருப்பது தனியார் காப்பீடு. வயது ஏற ஏற அதன் கட்டணம் ஏறும். முன்பே இருக்கும் நோய்களுக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. காப்பீடு மிகவும் தேவைப்படும் வயதில்தான் அது எட்டாத் தொலைவுக்குச் செல்கிறது.

இந்த ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். வெளிநாட்டுக் கடலோர வாழ்வின் ஆதாயங்கள் எல்லாம் முதல் பத்தாண்டுகளில் கிடைப்பவை. இழப்புகள் எல்லாம் கடைசிப் பத்தாண்டுகளுக்கு உரியவை. அறுபத்தைந்தில் உடல் நலத்துடன், துணைவருடன் செல்பவர் மகிழ்ச்சியாக வாழ்கிறார். அதைக் கண்டு மற்றவர்களும் செல்கின்றனர். எண்பதில் துணையை இழந்து, நினைவு மங்கி, மருத்துவரிடம் வலியைச் சொல்ல உள்ளூர் மொழி தெரியாமல் தவிப்பவரை எந்தச் சுற்றுலாக் கையேடும் காட்டுவதில்லை. திரும்பிச் செல்லலாம் என்றால், விற்றுவிட்டு வந்த வீட்டின் விலை இதற்குள் பல மடங்காகியிருக்கும்.

எனவே, எவரேனும் என்னிடம் யோசனை கேட்டால் மூன்று கணக்குகளை எழுதிப் பார்க்கச் சொல்வேன். நாணய மதிப்பு மூன்றில் ஒரு பங்கு சரிந்தால் அந்த ஊரில் வாழ முடியுமா? ஓய்வூதியம் இருபதாண்டுகள் உயராமலே இருந்தால் முடியுமா? துணைவர் மறைந்த பின், எஞ்சியவரின் வருமானத்துக்கு அங்கே தங்க அனுமதி கிடைக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகச் செல்லலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், சொந்த ஊரில் தலைசாய்க்க ஓர் இடத்தை விற்காமல் வைத்துக்கொண்டு, குளிர்கால மாதங்களில் மட்டும் சென்று வருவது அறிவுடைமை.

நம் நாட்டு ஓய்வூதியர்களுக்கு இந்தக் கடற்கரைகள் பெரும்பாலும் எட்டாதவை. 65,000 பாட் என்பது 2024-இன் மதிப்பில் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால், ஓய்வூதியம் உறைந்துபோக நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. அரசு உதவிபெறும் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, விலைவாசி உயரும்போது அகவிலைப்படி உயர்கிறது. தனியார் நிறுவனங்களில் உழைத்து, 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் ஓய்வு பெற்றவர்களுக்கு அகவிலைப்படி கிடையாது. அத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், உயராத ஓய்வூதியத்தின் வாங்கும் சக்தி பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாகிவிடும். தாய்லாந்து சென்ற பிரிட்டன் முதியவருக்கு நேர்ந்தது, தன் ஊரைவிட்டு நகராத ஆலைத் தொழிலாளிக்கும் நேர்கிறது.

முதுமையில் எங்கு வாழ்வது என்பது தனிமனிதரின் விருப்பம். அங்கே அவர் கண்ணியத்துடன் வாழ முடியுமா என்பதை, ஓய்வூதியம் விலைவாசியோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. உழைத்த காலத்தில் சந்தாவை உயர்த்தி வாங்கிக்கொண்ட அரசுகள், ஓய்வுக் காலத்தில் தொகையை உறையவிடுவது முறையாகாது. பிரிட்டன் அரசுக்கும் அது பொருந்தும். நம் அரசுக்கும் பொருந்தும்.