பூச்சிக்கும் ஒரு பேரேடு!

நோட்டும் பென்சிலும் போதும். நாட்டையே உலுக்கிய 27 வருடக் கணக்கு

கத்திரி வெயிலுக்கு நடுவே திடீரென்று ஒரு மழை. அன்று ராத்திரி கடை டியூப்லைட்டை ஈசல் மொய்க்கும். எண்ணெய் தடவிய தாளைக் கட்டித் தொங்கவிட்டால், பத்து நிமிடத்தில் தாள் முழுக்கப் பூச்சி!

"அந்தக் காலத்திலே இன்னும் ஏகப்பட்டது வரும். இப்போ குறைஞ்சு போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

எவ்வளவு குறைந்தது? பாதியா? முக்காலா? கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அரிசி, பருப்புக்குக் கணக்கு உண்டு. பூச்சிக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

ஜெர்மனியில் ஓர் ஊர்க்காரர்கள் வைத்தார்கள்!

கூடார வலை

அந்த ஊரின் பெயர் கிரேபெல்ட். 1905-ல் தொடங்கிய பூச்சி ஆர்வலர் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல; ஆசைக்கு வந்தவர்கள்.

கூடாரம் போன்ற வலையைக் கட்டிவைப்பார்கள். பறந்து வந்து மோதும் பூச்சி மேலே ஏறிப்போய், ஆல்கஹால் ஊற்றிய பாட்டிலில் விழும். அதை வடிகட்டி, எடை போட்டு, தேதியோடு எழுதி வைப்பார்கள். எங்கே கட்டினாலும் ஒரே மாதிரி வலை. ஒரே மாதிரி எடை.

1989 முதல் 2016 வரை, 63 இடங்களில் இந்த வேலை நடந்தது. அத்தனையும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள்.

2017-ல் முடிவு வெளியானதும் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பறக்கும் பூச்சிகளின் எடை 27 வருடத்தில் 76 சதவீதம் சரிந்திருந்தது. நடுக்கோடையில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம்!

பேச்சு ஓயவில்லை. 2021-ல் ஜெர்மனி, பூச்சிகளைக் காப்பாற்ற ஒரு சட்டமே கொண்டுவந்தது.

"பூச்சிதானே, போனா போகட்டும்" என்று விட்டுவிட முடியாது. தேனீ போன்ற பூச்சிகள் வந்து மகரந்தம் சேர்த்தால்தான் பூசணி காய்க்கும். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சியைத்தான்.

நகரும் எச்சம்!

ஜெர்மனிக் கணக்கு ஜெர்மனிக்கு. சென்னைக் கணக்கைச் சென்னைவாசிதான் எழுத வேண்டும். அதற்கு வலை கட்ட வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும்.

இலையில் குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும்! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு அது. பறவை தின்னாமலிருக்க இந்த வேஷம். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பை நீட்டி, நாற்றம் கிளப்பும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாகப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம்.

தெருவோர எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் வரி போட்ட புழு. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு. பஸ்சுக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

எப்படி எழுதுவது?

தேதி, மணி, இடம், எந்தச் செடி, எத்தனை பூச்சி. இவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதலாம். செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கலாம்.

ஒரே இடம், ஒரே நேரம், தினம் கால்மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இன்றைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒப்பிட முடியாது.

பலரும் கோட்டை விடுவது ஒரு விஷயத்தில்தான். பூச்சி வந்தால் எழுதுவார்கள். வராவிட்டால் நோட்டை மூடிவிடுவார்கள். ஒன்றும் வராத நாளில் "இல்லை" என்று எழுத வேண்டும். வியாபாரம் ஆகாத நாளையும் சேர்த்தால்தானே மாதக் கணக்கு சரியாக வரும்?

பள்ளிக்கூடம் லீவு விட்ட வீடுகளில் பிள்ளைகளே இதைச் செய்யலாம். இந்தக் கோடைக்கு ஒரு பக்கம், அடுத்த கோடைக்கு அடுத்த பக்கம். இரண்டு பக்கத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. பத்துப் பக்கம் சேர்ந்தால், அந்தத் தெருவின் கதை அதில் இருக்கும்!