காக்கும் மருந்து, களைக்கும் சிறுநீரகம்

மாற்று இதயமும் ஈரலும் பெற்றவர்கள் கண் வைக்க வேண்டிய இன்னொரு உறுப்பு

மூணாறு, மறையூர் பக்கம் மாற்று இதயத்துடன் வாழ்பவருக்கு, பரிசோதனைக்குக் கோட்டயம் போவது விடியுமுன் தொடங்குகிற வேலை. மலைச் சாலையில் நாலைந்து மணி நேரம். கிளம்பும் அவசரத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டால் போன காரியம் கெட்டது. உடலில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்தாக வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? புதிய உறுப்பை அந்நியப் பொருளாகக் கருதி உடல் தாக்காமல் தடுப்பது இம்மருந்து. அளவு குறைந்தால் உறுப்புக்கு ஆபத்து; கூடினால் சிறுநீரகத்துக்கு. சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்தமனிகளை இது சுருங்க வைக்கிறது. ஆரம்பத்தில் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் திசு தழும்பாகிறது. தழும்பு மறைவதில்லை.

விஷயம் புதிதல்ல. இதே வகையைச் சேர்ந்த சைக்ளோஸ்போரினை 1978இல் கேம்பிரிட்ஜில் நோயாளிகளுக்கு முதலில் கொடுத்த ராய் கால்னேயின் குழுவே சிறுநீரகப் பாதிப்பையும் கண்டது. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுநீரகம் தவிர்த்த பிற உறுப்புகளைப் பெற்ற 69,321 பேரில் 16.5 சதவீதத்தினருக்கு நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டிருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் இந்த அபாயம் ஈரல் பெற்றவர்களுக்கு 18.1 சதவீதம், இதயம் பெற்றவர்களுக்கு 10.9. மருந்து மட்டுமே குற்றவாளி அல்ல. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

கேரளத்தின் உறுப்புப் பகிர்வுத் திட்டமான மிருதசஞ்சீவனி 2012இல் தொடங்கியது. கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2015இல் இதய மாற்றும் 2022இல் ஈரல் மாற்றும் நடந்தன. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதியினருக்கு எல்லை தாண்டினால் கோவை. அறுவை சிகிச்சை ஒரு நாள் சங்கதி. மாத்திரையோ ஆயுள் முழுக்க.

ஆபத்து உள்ளூர் மருந்துக்கடையிலும் காத்திருக்கிறது. கொழுந்து பறித்த உடல்வலிக்குக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு இன்னோர் அடி. கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். எந்தச் சீட்டு எழுதும் டாக்டரிடமும் உறுப்பு மாற்று நடந்ததைச் சொல்வது அவசியம்.

கிரியேட்டினின் பரிசோதனையில் சரிவு தெரிந்தால், அளவைக் குறைத்து மைக்கோபினோலேட்டோ எவரோலிமஸோ சேர்க்க வழியுண்டு. ஆனால், அது மருத்துவரின் முடிவு. பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவது உறுப்பையே பலி கொடுப்பதாகும்.

பயணச் சிக்கலுக்கும் விடை இருக்கிறது. டாக்ரோலிமஸ் சோதனைக்கான ரத்தம் குளிர்பதனத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் கெடாது. ஊரிலேயே காலை மாத்திரைக்கு முன் எடுத்து அனுப்ப ஏற்பாடு இருந்தால், அந்தச் சோதனைக்கு நோயாளிக்குப் பதில் ரத்தக் குப்பி மலையிறங்கினால் போதும்.