கிதாரின் கழுத்து ஏன் ஒடிகிறது?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த சங்கதி இது. எதிர் ஆசனத்தில் ஓர் இளைஞர். சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உருக்காலையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், ஏழாம் நாள் மாதா கோவில் வாத்தியக் குழுவில் மின்சார கிதார் வாசிக்கிறார். அந்தக் கிதாரைத் துணி உறையில் போட்டு ஆசனத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார். பொன்னேரி தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. உறை மெதுவாகச் சரிந்து மல்லாக்க விழுந்தது. பெரிய ஓசை ஒன்றும் இல்லை. முருங்கைக் கிளை ஒடிந்த மாதிரி ‘மளுக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

திறந்து பார்த்தார். உடலில் ஒரு கீறல் கிடையாது. தந்தி ஆறும் அறாமல் இருந்தன. ஆனால் முறுக்காணிகள் உள்ள தலைப்பலகை மட்டும் கழுத்திலிருந்து பிளந்து, தந்திகளின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாத ஓவர்டைம் பணத்தில் வாங்கிய கிதாராம். “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் சார், மட்ட மரம்” என்றார். கண் கலங்கிவிட்டது.

மட்ட மரமா? இல்லவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. உலகத்தில் மிக அதிக விலை போகும் சில கிதார்கள் இதே இடத்தில், இதே மாதிரி ஒடிகின்றன. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கிதார் பல சமயம் பிழைத்துக்கொள்கிறது.

இழுக்கும் பாரம்

கிதாரில் மெல்லிய தந்திகளைப் பூட்டிச் சுருதி சேர்த்தால், ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 45 கிலோ. இரண்டு சிப்பம் அரிசியை விடச் சற்றுக் குறைவு. இராப் பகலாக இந்தப் பாரம் தலைப்பலகையை முன்பக்கமாக வளைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் இதனால் மட்டும் கழுத்து ஒடிவதில்லை. ஒழுங்காகச் செய்த கிதார் இந்தப் பாரத்தை ஐம்பது ஆண்டு கூடத் தாங்கும். மல்லாக்க விழும்போதுதான் வினை. பின்னால் சாய்ந்திருக்கும் தலையின் நுனி முதலில் தரையில் மோதுகிறது; தரை அதை முன்பக்கம் தள்ளுகிறது. தந்தியும் அதே பக்கம் இழுக்கிறது. இரண்டு பலமும் ஒன்று சேர்ந்ததும் கழுத்தின் பின்புறம் விரிந்து பிளக்கிறது.

சரி, தலை ஏன் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்? தந்திகள் கழுத்தின் உச்சியில் உள்ள சிறு மேட்டின் மீது அழுந்தி உட்கார்ந்தால்தான் நாதம் சுத்தமாக இருக்கும். தலையைச் சாய்த்துவிட்டால் அந்த அழுத்தம் தானே கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1952-ல் ‘லெஸ் பால்’ என்ற புகழ்பெற்ற மின்சார கிதாரை வெளியிட்டபோது, சாய்வு 17 டிகிரி. கழுத்தும் தலையும் ஒரே மஹோகனிக் கட்டையில் செதுக்கியவை.

கோளாறு இங்கேதான். மரத்தின் நார் கழுத்தின் நீளத்தில் நேராக ஓடுகிறது. தலை சாய்கிறது, நார் சாய்வதில்லை. ஆகவே தலைப்பலகையில் நார்கள் ஒரு முகத்தில் புகுந்து மறு முகத்தில் வெளியேறிவிடுகின்றன. பலகையின் தடிப்பு ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17 டிகிரிச் சாய்வில் ஒரு நாரின் நீளம் ஐந்து சென்டிமீட்டர்தான் வருகிறது. அடுத்தடுத்த குட்டை நார்களை ஒட்டி வைத்திருப்பது மரத்தின் இயற்கைப் பசை ஒன்றே. விறகு பிளக்கிறவர்களைக் கேளுங்கள்; மரத்தை நார் போன போக்கில் பிளப்பது எவ்வளவு சுலபம் என்று சொல்வார்கள்.

போதாததற்கு அதே இடத்தில் ஒரு பள்ளம் வேறு. தந்தி இழுப்பில் கழுத்து வளையாமலிருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி வைக்கிறார்கள். கிப்ஸன் கம்பெனியில் தாடியஸ் மெக்ஹியூ என்பவர் அமைத்த இந்த ஏற்பாட்டுக்கு 1923-ல் காப்புரிமை கிடைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் கம்பியின் மரையை முடுக்குவதற்கு, தலையும் கழுத்தும் சேரும் இடத்திலேயே மரத்தைக் குடைந்துவிட்டார்கள். கழுத்து மிக மெலிவதும் அங்கே, நார் குட்டையாவதும் அங்கே, குடைவதும் அங்கே! வளையாமல் காக்க வந்த கம்பி ஒடிவதற்கு வழி செய்து கொடுத்தது.

கம்பெனிக்கும் இது தெரியாமல் இல்லை. 1960-களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். 1970-ஐ ஒட்டி, கழுத்தின் பின்புறம் ஒரு திமில் போல மரத்தை விட்டுத் தடிப்பாக்கினார்கள். ரசிகர்களோ பழைய வடிவத்தையே கேட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் திமில் போயிற்று. 17 டிகிரியும் திரும்பி வந்துவிட்டது. ஒடியும் என்று தெரிந்தே அழகைக் கேட்டு வாங்கும் மனித சுபாவத்தை என்னவென்பது!

வானொலிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் வேறு வழியில் போனார். 1950-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதாரின் கழுத்து மேப்பிள் மரம். தலையைச் சாய்க்கவே இல்லை. சற்றுப் பள்ளமாக இறக்கி நேராகவே விட்டார். தந்தியை அழுத்தச் சின்னக் கொக்கி போதும் என்றார். கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். ஒடிந்தால் கழற்றி வேறு மாட்டலாம். அந்தக் கிதார் கீழே விழுந்தால் பெரும்பாலும் தரைக்குத்தான் சேதம் என்று வாத்தியக்காரர்கள் கேலி பேசுவது உண்டு.

ஒடிந்த தலை ஒரு சம்பிரதாயத்தையே தொடங்கி வைத்த கதையும் இருக்கிறது. 1964-ல் லண்டன் அருகே ஹாரோ என்ற இடத்தில் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் வாசித்துக்கொண்டிருந்தார். கூரை தாழ்வு. கிதாரின் தலை கூரையில் இடித்து ஒடிந்துவிட்டது. கூட்டத்தில் சிரிப்பு. மனிதருக்கு ரோஷம் வந்து மிச்சக் கிதாரையும் அங்கேயே அடித்து நொறுக்கினார். அப்புறம் அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரத் தொடங்கியது. நமது ரயில் நண்பருக்கு அந்த வசதி இல்லை.

யாளி முகம்

நம் தஞ்சாவூர் வீணைக்கும் தலை உண்டே என்று கேட்கலாம். பலா மரத்தில் ஒரே கட்டையாகக் குடைந்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. யாளி முகம் கீழ்நோக்கி எவ்வளவு ஒய்யாரமாக வளைந்திருக்கிறது! ஆனால் கவனித்துப் பாருங்கள். தந்திகளைக் கட்டும் பிரடைகள் யாளியில் இல்லை. அதற்கு முன்பே தண்டியில் முடிந்துவிடுகின்றன. யாளிக்குத் தந்தி பாரமே கிடையாது. அது ஒடிந்தால் மனசு ஒடியும், சுருதி போகாது. கிதாரிலோ பாரம் முழுவதும் தலையில்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் அந்த இளைஞரை ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். தொழிற்சாலைகளுக்குச் சாமான் அனுப்பும் மரப்பெட்டி அடிக்கிறவர். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கலப்பை செய்து கொடுத்தவர். கிதாரைக் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. முறிவை விரலால் தடவிப் பார்த்தார்.

“நேர் கட்டையில வளைவு வெட்டியிருக்கான் தம்பி. ஒடியாம என்ன செய்யும்? நாங்க கலப்பைக்கு வளைஞ்ச கருவேலங்கட்டையாத்தான் தேடுவோம். மரம் தானா வளைஞ்சிருந்தா நாரும் கூடவே வளைஞ்சு வரும். நேர் கட்டைய வளைவா அறுத்தா ஒரு உழவுக்குத் தாங்காது.”

வளைந்த கட்டை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். கட்டையைச் சாய்வாக அறுத்து, துண்டைத் திருப்பி வைத்து ஒட்டினால் இரண்டு பக்கமும் நார் நேராக ஓடும் என்றார். மலிவான கிதார்கள் பலவற்றில் இதைத்தான் செய்கிறார்கள்! மெல்லிய பலகையே போதும், மரச் செலவு மிச்சம் என்பதற்காகச் செய்தது, வலுவும் கூடிவிடுகிறது. கழுத்தில் ஒட்டுக் கோடு தெரிந்தால் மட்டம் என்று முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“தாத்தா, இது சேருமா?” என்று இளைஞர் மெல்லக் கேட்டார்.

சேரும். நார் போக்கில் நீளமாகப் பிளந்திருந்தால், நல்ல மரப்பசை பிடித்த இடம் மரத்தை விட உறுதியாகவே நிற்கும். உடனே தந்திகளைத் தளர்த்திவிட வேண்டும். சிம்புகளைப் பிய்த்து எறியக் கூடாது. அவைதான் ஒன்றோடொன்று பொருந்தி வழி காட்டும். அவசரப்பட்டு ஆணி அடிப்பதும், நொடியில் பிடிக்கும் பசையை ஊற்றுவதும் பிற்பாடு சரியாகப் பழுது பார்ப்பவருக்குத் தொல்லை. குறுக்கே ஒடிந்திருந்தால் புது மரச் சக்கை பதித்து ஒட்ட வேண்டியிருக்கும்; அது கைதேர்ந்தவர் வேலை. ஒட்டிய கிதாரைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டால் பசை இளகி மறுபடி வாய் திறக்கலாம். நாதம் அநேகமாகக் கெடுவதில்லை. விற்கப் போனால் விலைதான் பாதியாகிவிடும்.

“நான் விக்கப் போறதில்ல சார்” என்றார் இளைஞர்.

பெரியவர் பிளவுக்குள் பசையை ஊட்டி, மரத்துண்டு வைத்துக் கிளாம்பு போட்டு இறுக்கி, மறுநாள் சாயந்தரம் வரச் சொன்னார். பிறகு ஒரு ஞாயிறு அதே ரயிலில் அவரைப் பார்த்தேன். கழுத்தின் பின்னால் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு. ஆசனத்தில் இடம் இருந்தும் கிதாரைச் சாய்த்து வைக்கவில்லை. கைக்குழந்தையைப் போல மடியில் கிடத்தி, தலைப்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார்.