நாற்காலியை மாற்றினால் மட்டும் போதாது

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சீனி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களுக்கும் கணக்கர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அவர்கள் உடல் கெடுவதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் இடைவிடாமல் அசைவது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் எந்நேரமும் இறுக்கத்தில் இருப்பது. இறகுப் பேனா போய்க் கீபோர்டும் மவுஸும் வந்துவிட்டன. காரணங்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் கழுத்துவலி, தோள்வலி, மணிக்கட்டு வலி என்று ஊழியர் ஒருவர் சொன்னால் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டுதான்: 'நேராக உட்காருங்கள்', 'நல்ல நாற்காலி வாங்கித் தருகிறோம்'. இரண்டும் முதல் காரணத்தின் ஒரு பகுதியை மட்டுமே தொடுகின்றன. வலி உண்மையாகவே குறைய வேண்டுமானால், வேலை எப்படிப் பிரித்துத் தரப்படுகிறது, நடுவில் கை எப்போது ஓய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது ஊழியரின் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

கணினி முன்னால் யாரும் மூட்டை தூக்குவதில்லையே, பிறகு ஏன் வலிக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பாரம் சிறியது என்பது உண்மை; அதை இறக்கி வைப்பதே இல்லை என்பதுதான் சிக்கல். மவுஸ் பிடித்திருக்கும் கையைச் சற்று நேரம் கவனித்தால் தெரியும். விரல்கள் மட்டும் அசைகின்றன. முழங்கை பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. தோள் லேசாகத் தூக்கியபடியே இருக்கிறது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையின் சில இழைகள் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. சிறிய விசை தேவைப்படும்போதெல்லாம் உடல் இதே இழைகளைத்தான் முதலில் வேலைக்கு அழைக்கிறது, கடைசியில்தான் விடுவிக்கிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் யோரான் ஹேக் விளக்கம் தந்தார். முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் கதைப் பெண்ணின் பெயரால் இவற்றைச் 'சின்ட்ரெல்லா இழைகள்' என்கிறார்கள். இது கருதுகோள்தான். ஆனாலும் ஒன்றைத் தெளிவாக்குகிறது: வேலையை லேசாக்குவதால் இந்த இழைகள் ஓய்ந்துவிடுவதில்லை, கையை முழுதாகத் தளர விடும்போதுதான் ஓய்கின்றன. லேப்டாப் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. அதில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் ஏறுகிறது. எப்படிப்பட்ட நாற்காலியும் இதைச் சரிசெய்யாது.

அடிக்கடி இடைவேளை விட்டால் வேலை என்ன ஆவது என்பது நிர்வாகங்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம். அமெரிக்க வருமான வரித் துறையின் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடம் அந்நாட்டுத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் நடத்திய சோதனை இதற்கு நேரடியான பதில். அதன் முடிவுகள் 2000இல் வெளிவந்தன. அந்த ஊழியர்களுக்கு வழக்கமாக ஷிப்டின் முற்பகுதியில் 15 நிமிடம், பிற்பகுதியில் 15 நிமிடம் இடைவேளை உண்டு. சோதனையில் 4 வாரம் இந்த முறையிலும், இன்னொரு 4 வாரம் புதிய முறையிலும் வேலை செய்தார்கள். புதிய முறையில், இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் கூடுதலாக 5 நிமிடம். நாளுக்கு மொத்தம் 20 நிமிடம். 8 வாரமும் நீடித்த 42 பேரிடம் உடல் உபாதையும் கண் சோர்வும் புதிய முறையில் குறைந்திருந்தன. வேலை நேரத்தில் 20 நிமிடம் குறைந்தபோதும், அவர்கள் உள்ளிட்ட தகவலின் அளவிலோ பிழையின்மையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சோர்ந்த கை உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒரே சீராக உழைப்பதில்லை என்பதால் இதில் வியப்பும் இல்லை.

'ஆளாளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதானே, பயிற்சி கொடுத்தால் போதாதா' என்பது அடுத்த ஆட்சேபம். இதே போன்ற ஊழியர்களிடம் நடந்த அடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. இடைவேளையில் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி செய்யுமாறு ஒரு பிரிவினரிடம் சொல்லியிருந்தார்கள். வழக்கமான இடைவேளைகளில் 25 சதவீதத்திலும், கூடுதல் இடைவேளைகளில் 39 சதவீதத்திலும் மட்டுமே அவர்கள் அதைச் செய்தார்கள். அறிவுரை காற்றோடு போனது. அட்டவணையில் எழுதிய இடைவேளையோ பலன் தந்தது. அலுவலக ஊழியர்களிடம் நடந்த 15 சோதனைகளை, 2,165 பேரின் தகவல்களோடு, காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி வகுப்புகள் வலியைக் குறைத்ததற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. கைத்தாங்கியும் மாற்று வகை மவுஸும் பலன் தருவதாகச் சில சோதனைகள் காட்டின, சில காட்டவில்லை. கூடுதல் இடைவேளைக்குச் சாதகமான ஆதாரம் இருந்தாலும் அது வலுக்குறைவானது என்றே அந்தத் தொகுப்பு மதிப்பிட்டது. பெரிய அளவில் இன்னும் நல்ல ஆய்வுகள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் செலவில்லாத, தீங்கில்லாத, வேலையையும் பாதிக்காத ஒரு மாற்றத்தைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வலியெல்லாம் மனப்பிரமை என்று சொல்பவர்களும் உண்டு. 1980களில் ஆஸ்திரேலியாவில், குறிப்பாக டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில், கைவலிப் புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே கீபோர்டை மிக வேகமாகத் தட்டிய தந்தி ஊழியர்களைவிட, குறைவாகத் தட்டிய தொலைபேசி இணைப்பாளர்களிடம் புகார்கள் பல மடங்கு அதிகம். வலி பொய் என்பதற்கு இது சான்றாகாது. எத்தனை முறை தட்டினார்கள் என்பது மட்டுமே அளவுகோல் இல்லை என்பதற்குத்தான் சான்று. வேலையின் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள், நினைத்த நேரத்தில் எழுந்து நிற்க முடிகிறதா, பிழைக்காக எவ்வளவு அஞ்ச வேண்டியிருக்கிறது என்பனவும் உடலில் இறங்குகின்றன. ரமாட்சீனியின் மூன்றாவது காரணம் இதுதான்.

இப்படிச் சொல்வதால் கருவிகள் வேண்டாம் என்றாகாது. லேப்டாப்பில் நாள் முழுக்க வேலை செய்பவருக்குத் தனிக் கீபோர்டும் மவுஸும் கொடுத்து, திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தை ஒட்டி வரும்படி தடித்த புத்தகங்களின் மேல் லேப்டாப்பை ஏற்றி வைத்தாலே கழுத்து நிமிரும். பாதம் தரையில் படாதவருக்கு ஒரு மணைப்பலகை போதும். நாலைந்து பேர் மட்டுமே உள்ள கணக்கர் அலுவலகத்துக்கும் இது கட்டுப்படியாகும். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல்கள் இரவில் மரத்துப்போனால் நாற்காலியைக் குறை சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும்கூட அதற்குக் காரணமாகலாம் என்பதால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியச் சமூகம் 1990இல் பிறப்பித்த ஆணை, திரை முன் நடக்கும் வேலை அவ்வப்போது இடைவேளையாலோ மாற்று வேலையாலோ தடைப்படும்படி திட்டமிடும் கடமையை முதலாளிமீது வைத்தது. பிரிட்டனில் 1993 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடத்தைவிட, மணிக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் மேல் என்று அந்நாட்டு அதிகாரிகள் வழிகாட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. வேலையிடத்தில் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பது ஊழியரின் தனிப்பட்ட விஷயம் அன்று, முதலாளியின் பொறுப்பு என்பதை அந்தத் திருத்தம் ஏற்றுக்கொண்டது. நின்றே இருப்பவருக்குப் பொருந்தும் நியாயம் உட்கார்ந்தே இருப்பவருக்கும் பொருந்தும். எனவே நிர்வாகங்கள் செய்ய வேண்டியது தெளிவானது. மணிக்கு 5 நிமிடத்தை வேலை அட்டவணையிலேயே எழுத வேண்டும். மேலதிகாரி முதலில் எழுந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி நேரத்துக்கான டார்கெட்டை 55 நிமிடத்துக்குக் கணக்கிட வேண்டும். டார்கெட்டைத் தொடாமல் இடைவேளையை மட்டும் அறிவித்தால், அதை எடுக்க யாருக்கும் துணிவு வராது.